அவளுக்காக யார் கேட்பது

மார்ச் 3, செவ்வாய்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்றும் லேபுக்கு வந்துவிட்டார். கீழ்ப்பல் செட் இடது பக்கம் தூக்குகிறதாம். டாக்டரிடம் போகாமல் நேரே பல் செய்கிறவனிடமே வந்து நிற்கிறார். "தம்பி, இதைப் போட்டுக்கிட்டுப் பேசினா எனக்கே விசில் கேக்குது" என்றார். பின்பக்கம் லேசாகத் தேய்த்துக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாலு இன்றும் தாமதம். குடோனில் சரக்கு வந்து குவிகிறதாம். நின்றுகொண்டே சாப்பிட்டாள். "உக்காந்து சாப்பிட்டா சாப்பாடு கோச்சுக்குமா?" என்றேன். "உக்காந்தா தூங்கிடுவேன்ப்பா." கை கழுவும்போது, "ஞாயித்துக்கிழமை வீட்டுலதானே இருப்பீங்க?" என்றாள். நான் வேறெங்கே போகிறேன். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாள். அவளுடைய சும்மாவுக்கு ஆயிரம் அர்த்தம். வேலை மாறப் போகிறாளோ என்னவோ. மாறட்டும். அந்த இடத்துத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 5, வியாழன்

வாலு போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் என்று இந்த நோட்டைத் தொடாமல் இருந்தேன். தொடாவிட்டாலும் நிஜமாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை மதியம். கிண்ணத்தில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தேன். முதலாளியின் போன் அடித்தது. அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "கிளம்பு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறின பிறகுதான் கவனித்தேன், கிண்ணம் கையிலேயே இருந்தது. பிளாஸ்டர் கல்லாகிவிட்டிருந்தது.

குடோனில் ரேக் சரிந்துவிட்டதாம். கூரை வரை அட்டைப்பெட்டிகள் அடுக்கின இரும்பு ரேக். கீழே நின்று பெட்டிகளின் எண்களை மெஷினால் படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அவள் வேலை. பெட்டிகள் முழுக்க மிக்ஸி.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண், "நீங்க யாரு?" என்று கேட்டாள். அப்பா என்றேன். உள்ளே விட்டார்கள்.

முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுப்பினால் எழுந்துவிடுவாள் போல.

மார்ச் 9, திங்கள்

அக்கா வந்து தங்கியிருக்கிறாள். அவள் இல்லையென்றால் நான் குளித்திருக்கக்கூட மாட்டேன்.

கம்பெனியிலிருந்து ஆபீசர் ஒருவர் வந்தார், கூட இரண்டு பேர். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார், நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அவ்வளவு மரியாதை. "அப்பா நீங்கதானே? உங்க இழப்பை எங்களால ஈடு கட்ட முடியாது, ஆனாலும் கம்பெனி உங்களைக் கைவிடாது" என்றார். ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் கவனக்குறைவு என்றார். முள்ளுக்கரண்டி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு பெட்டி தூக்குகிற வண்டி. ரேக் காலில் இடித்துவிட்டானாம். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். இதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. நான் பேனாவை வாங்கிவிட்டேன். எதையாவது செய்து அவர்களை அனுப்பினால் போதும் என்றிருந்தது.

அக்கா சமையல்கட்டிலிருந்து வந்தாள். "கையெழுத்தை அப்புறமா போட்டா மை ஒட்டாதா தம்பி?" ஆபீசரைப் பார்த்துக் கேட்டாள். "புள்ளை போன வீட்டுல இன்னும் அடுப்பே சரியா பத்த வெக்கல. அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

தாளை வைத்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 12, வியாழன்

அந்த டிரைவர். அவன் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருத்தனை இவ்வளவு வெறுக்க முடியுமா? முடிகிறது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பையனை இவனாக இருக்குமோ என்று பார்த்தேன். அவன் பயந்து இடம் மாறி உட்கார்ந்தான்.

குடோன் வாசலுக்குப் போனேன். எதற்கு என்று தெரியாமலே போனேன். காவல்காரர் உள்ளே விடவில்லை. எதிர் டீக்கடையில் நின்றிருந்தபோது, பேக்கிங்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். வாலு அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாளாம். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கால் அன்னிக்கு வளைஞ்சது இல்லண்ணே. அதுக்கு ரொம்ப முன்னாடியே வளைஞ்சு கிடந்துச்சு. வேற ஷிஃப்ட்ல எவனோ இடிச்சது. அதைச் சுத்தி கறுப்பு மஞ்சள் டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க."

"டேப்பா?"

"டேப்தான். வேற ஒண்ணும் பண்ணல."

டீ வாங்கினேன், குடித்தேனா என்று ஞாபகமில்லை. வளைந்த இரும்புக்கு டேப். நான் உடைந்த பல் செட்டுக்கு டேப் சுற்றிக் கொடுத்தால் அந்தத் தலைமையாசிரியர் என்னைச் சும்மா விடுவாரா?

மார்ச் 13, வெள்ளி

ஆபீசருக்குப் போன் போட்டு, கையெழுத்துப் போட மாட்டேன், அந்த டேப் விஷயம் என்ன என்று கேட்டேன்.  சட்டென்று அவர் குரலே மாறிவிட்டது.

"சார், உங்களுக்கும் இறந்தவங்களுக்கும் சட்டப்படி என்ன உறவு?"

திங்கட்கிழமை நான் அப்பா. இன்றைக்கு என்ன உறவு என்கிறார்.

மார்ச் 16, திங்கள்

முதலாளி சொல்லி ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். இரண்டாவது மாடி, கீழே ஜெராக்ஸ் கடை. அலட்டல் இல்லாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாகக் காரணமானவர்கள் மீது வழக்குப் போடலாம், ஆனால் யார் வேண்டுமானாலும் போட முடியாது என்றார்.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

இல்லை.

"பெத்த அம்மா?"

என் மனைவி. போய் ஆறு வருஷமாகிறது.

"அப்பா நீங்க."

ஆமாம் என்றேன். அப்புறம் உண்மையைச் சொன்னேன். நான் பெற்ற அப்பா இல்லை என்று சொல்லி எவ்வளவு காலமாகிறது. யாரும் கேட்டதே இல்லையே. பெற்றவர் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அவள் அம்மாவை நான் கட்டிக்கொண்டபோது அவளுக்கு மூன்று வயது. லேபுக்கு வந்த முதல் நாள், பல் செட் செய்கிற ரோஸ் மெழுகை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டு எச்சில் ஒழுக நின்றாள். அன்றைக்கு வைத்த பேர்தான் வாலு.

"தத்து எடுத்துப் பதிவு பண்ணீங்களா?"

எதற்குப் பதிவு? அவள்தான் என்னை அப்பா என்றாளே.

வக்கீலம்மா பேனாவை மூடினார். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றவர்கள், இவர்கள்தான் கேட்கலாமாம். அதற்கு அப்பால் யாரென்றால், இறந்தவரின் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்தவர்கள்.

"அவங்க சம்பளத்துலயா உங்க குடும்பம் நடந்தது?"

இல்லை என்றேன். அவள் சம்பளத்தை நான் தொட்டதே இல்லை. தொட மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். தொட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு உரிமை வந்திருக்குமாம்.

"அப்ப யாருமே கேக்க முடியாதாம்மா?"

"இப்போதைக்கு எனக்கு வழி தெரியல. பாக்குறேன்" என்றார்.



மார்ச் 17, செவ்வாய்

சட்டத்தில் நான் அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஆள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத மனசே இல்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் கதவு தட்டும் சத்தம். அக்கா திறந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும், மெலிந்த ஆள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றான்.

"அன்னிக்கு அந்த வண்டி ஓட்டினது நான்தான்."

நான் அறைந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. வாழ்க்கையில் யாரையும் கை நீட்டினதில்லை. அவன் கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை, இன்னொன்று விழும் என்று காத்திருந்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றான். "நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டோம். டிசம்பர்ல. பதிவு ஆபீஸ்ல."

யார் என்று கேட்டேன். யாரும் யாரும் என்று. முட்டாள் மாதிரி.

"நானும் அவளும்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா அவனை உள்ளே வரச் சொன்னாள்.  ஏன்டா என்கிட்ட சொல்லல என்று கேட்க நினைத்து, அதைக் கேட்க வேண்டியது அவனிடம் இல்லை என்று தோன்றியது.

அவனே சொன்னான். "உங்களைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னா. மூணு பேரும் இருக்கிற மாதிரி வீடு பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்னா. வீடு கிடைச்சுது. அந்த ஞாயித்துக்கிழமை சொல்றதா இருந்தா."

சும்மா என்றாளே. இதற்காகத்தானா சும்மா?

மார்ச் 23, திங்கள்

செத்துப்போனவள் மேல் கோபப்படலாமா? நான் படுகிறேன். என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன பூதமா? லேபில் ஒரு செட்டில் மேல் பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன். முதலாளி தானே சரிசெய்தார்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "கோபத்தை அப்புறம் வெச்சுக்கோ. வக்கீல் யாரு கேக்கலாம்னு சொன்னாங்க, அதை நெனச்சுப் பாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் உலகத்தில் அவளுக்காகக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். நான் அறைந்த ஆள்.

மார்ச் 27, வெள்ளி

அவனைக் கூட்டிக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன்.  வக்கீலம்மா கல்யாணப் பதிவைப் பார்த்தார். "முதல் உரிமை இவருக்குத்தான்" என்றார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"நான் கேக்க மாட்டேன்" என்றான். "நான்தான் அவளைக் கொன்னேன். நான் போய் எப்படிக் கேக்கறது?"

விபத்து நடந்த அன்றே கம்பெனியில் அவனை உட்காரவைத்து, தன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதி வாங்கிவிட்டார்களாம். என்ன எழுதினோம் என்றே அவனுக்கு நினைவில்லை. அப்போது அவள் இன்னும் பெட்டிகளுக்கு அடியில்தான் இருந்தாளாம்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கு இதைவிட என்ன வேணும்? கேக்க உரிமை இருக்கிறவரையே குற்றவாளி ஆக்கிட்டாங்க. தன் தப்பால நடந்ததுக்கு ஒருத்தர் தானே போய் ஈடு கேக்க முடியாது. தப்பு இவரோடது இல்லன்னு நிக்கணும். அதுக்கு முதல்ல இவர் அதை நம்பணும்."

வெளியே வந்ததும் அவன் வேறு பக்கமாக நடந்து போய்விட்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

வரவில்லை. போன் போட்டால் அவன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

விலாசம் விசாரித்து அவன் அறைக்கே போனேன். டயர் கடைக்கு மேல் ஒற்றை அறை. பாய், ஸ்டவ், கயிற்றில் ஒரு சட்டை. கதவருகில் அவளுடைய பழைய செருப்பு. வார் அறுந்தது என்று தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாளே, அதே செருப்பு, வார் தைத்து. அலமாரியில் அவள் அம்மாவின் சின்னப் படம். வீட்டில் காணோம் என்று பீரோவைப் புரட்டிப்போட்டுத் தேடினேன். "எங்கயும் போயிருக்காதுப்பா, கிடைக்கும்" என்றாள் வாலு. இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

அதைக் கையில் எடுத்தேன். திருப்பி அங்கேயே வைத்தேன்.

பேக்கிங் அம்மா சொன்ன டேப் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றான். "நானும் பாத்திருக்கேன். அவதான் சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொன்னா, கால் வளைஞ்சிருக்கு, மேல ஏத்தாதீங்கன்னு. சரக்கு அவசரம் முடியட்டும்னாரு. அன்னிக்கு மேல் தட்டு காலியா இருக்கு, அடுக்குன்னாரு. அடுக்கினேன். நான் இடிக்கல. ஆனா கால் வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் அடுக்கினேன்ல?"

 வாலு சொல்லியிருக்கிறாள். பார்த்து, போய், வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். சொன்ன பெண்ணையே அதன் கீழே நிற்கவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்.

"அடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க. வேற ஒருத்தன் அடுக்கியிருப்பான்."

"அப்ப யாருடா கொன்னது?"

 மழை மாதிரி அழுதான். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டேன். சர்க்கரை எங்கே என்று கேட்டதற்குக் கையைக் காட்டினான்.

"இங்க பாரு" என்றேன். "அவளுக்காக நான் கத்துவேன், தொண்டை கிழியக் கத்துவேன். எவனும் காதுல வாங்க மாட்டான். நான் யாரோ. நீ முணுமுணுத்தாலும் அவங்க கேட்டுத்தான் ஆகணும். நீ வாயத் தொறக்கலேன்னா, அவ சொன்னது அந்த சூப்பர்வைசர் காதோடயே போயிடும்."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். கிளம்பும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வழக்குப் போட்டாகிவிட்டது. கணவன் என்கிற இடத்தில் அவன் பெயர். என் பெயருக்கு இடமில்லை. வக்கீலம்மா, "உங்களை சாட்சியாப் போடுறேன்" என்றார். சரி என்றேன். இருந்தாலும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

மே 19, செவ்வாய்

கம்பெனி பதில் போட்டிருக்கிறது. சாவுக்குக் காரணம் கணவனே. அது போதாதென்று அடுத்த வரி: அந்தக் கல்யாணமே சந்தேகத்துக்குரியது, இறந்தவரை வளர்த்தவருக்கே தெரியாது.

வளர்த்தவர். எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்ததே அவர்கள்தான். கொடுத்தது அவன் தலையில் அடிக்க.

ஜூன் 14, ஞாயிறு

பேக்கிங் அம்மா சாட்சி சொல்ல வர மாட்டேன் என்கிறார். "ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கண்ணே." நான் கட்டாயப்படுத்தவில்லை. எந்த வாயால் கட்டாயப்படுத்துவது?

ஜூலை 8, புதன்

பேக்கிங் அம்மா சாட்சி சொல்ல வருகிறாராம். வேறொரு ரேக் காலில் புதிதாக டேப் ஒட்டியிருக்கிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்.

எனக்கும் இறங்கவில்லை. இவ்வளவுக்கு அப்புறமும் டேப்பா?

செப்டம்பர் 10, வியாழன்

கோர்ட். பேக்கிங் அம்மா டேப்பைப் பற்றியும், வாலு சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னதைப் பற்றியும் சொன்னார். எத்தனை முறை கேட்டும் ஒரு வார்த்தையை மாற்றவில்லை. விபத்துக்குப் பிறகு வந்து பார்த்த தொழிற்சாலை ஆய்வாளரும் கால் பழைய வளைவு என்றார். வளைந்த இடத்தில் துரு ஏறியிருந்ததாம்.

பிறகு நான். கம்பெனி வக்கீல் சின்ன வயதுதான், பற்கள் வரிசையாக இருந்தன. எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படும், தொழில் அப்படி.

"இந்தக் கல்யாணத்துக்கு நீங்க போனீங்களா?"

இல்லை.

"உங்களுக்குச் சொன்னாங்களா?"

இல்லை.

"உங்களையே அப்பான்னு கூப்பிட்டு வளர்ந்த பொண்ணு, உங்ககிட்ட சொல்லாத கல்யாணம். அது உண்மையான கல்யாணம்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

கேட்டுவிட்டார். அத்தனை பேருக்கு முன்னால். நான் தினமும் என்னையே கேட்டுக்கொண்ட கேள்விதானே அது. நீதிபதி அம்மா காத்திருந்தார்.

என்ன சொன்னேன் என்று வக்கீலம்மா பிற்பாடு சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. அவள் அம்மா படத்தைப் பற்றிச் சொன்னேனாம். "அதை அவ யார் கையிலயும் குடுக்க மாட்டா. நான் தொட்டாக்கூட விரல் ரேகை விழும்னு சொல்லுவா. அதை எடுத்துட்டுப் போய் இவர் அறையில வெச்சிருக்கா. தன் வீடுன்னு நினைக்காத இடத்துல அவ அதை வெக்க மாட்டா. என்கிட்ட சொல்லலதான். எனக்குக் கோபம் இருக்கு. அது எனக்கும் என் பொண்ணுக்கும் உள்ளது. அதை வெச்சு நீங்க கல்யாணத்தை இல்லன்னு சொல்ல முடியாது."

அவர் விடவில்லை. "சரி, அங்க உக்காந்திருக்காரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மாப்பிள்ளை" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

நவம்பர் 17, செவ்வாய்

தீர்ப்பு. சாவுக்குக் காரணம் பழுதான ரேக், எச்சரித்தும் கம்பெனி சரிசெய்யவில்லை, டிரைவர் மேல் குற்றமில்லை. கணவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. நீதிபதி அம்மா படித்துக்கொண்டே போனார். மூன்றாம் சாட்சி என்று ஒரு இடத்தில் வந்தது, அது நான்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எச்சரித்தும் என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது. அவள் சொன்னது கடைசியில் யாரோ ஒருவர் காதில் விழுந்துவிட்டது. இத்தனை மாதம் கழித்து, அவள் இல்லாத ஒரு ஹாலில்.

வெளியே வராந்தாவில் அவன் சுவரோரம் நின்றுவிட்டான். "தப்பு என்மேல இல்லன்னு படிச்சாங்கல்ல மாமா?" என்றான். படித்தார்கள் என்றேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் சொன்னேன். பஸ்ஸில் ஒருமுறை, வீட்டு வாசலில் ஒருமுறை.

அக்கா தட்டு வைத்தாள். பாதி சாப்பிடும்போதே கண் சொருகியது. கையைக் கழுவச் சொல்லி, வாலு அறையில் படுக்கச் சொன்னேன். அந்த அறையில் அவள் போனதற்குப் பிறகு யாரும் படுத்ததில்லை. கொஞ்சம் தயங்கினான், போனான்.

மணி நாலு இருக்கும். வெளியே பள்ளிக்கூடம் விட்ட சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். குறட்டை கேட்கிறது. அக்கா பாத்திரத்தை ஓசைப்படாமல் அடுக்குகிறாள். நானும் நாற்காலியை இழுக்காமல் நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன்.